ஓர் ஊரகக் கவுன்சில் கேட்டு வாங்கிய நகரம்: ஈசிங்டனின் எண்பது ஆண்டுகள்

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, பிரிட்டிஷ் அரசு புதிய நகரங்களைக் கட்டும் வேலையில் இறங்கியது. 1946-இல் அதற்கென்று தனிச் சட்டமே வந்தது. முதலில் தேர்வானது லண்டனுக்கு வடக்கே உள்ள ஸ்டீவனேஜ். அங்கே ஏற்கெனவே குடியிருந்தவர்கள் கொதித்துப் போனார்கள். திட்டத்தை விளக்க வந்த அமைச்சர் லூயிஸ் சில்கினை ஊரே திரண்டு எதிர்த்தது. ரயில் நிலையப் பெயர்ப் பலகையில், ஸ்டாலின்கிராடை நினைவூட்டும் கேலியாக, 'சில்கின்கிராட்' என்று எழுதிவைத்தார்கள். நிலம் பறிபோகும், ஊர் தன் முகத்தை இழக்கும் என்ற பயம் அவர்களுக்கு. அந்தப் பயத்தில் நியாயமும் இருந்தது.

அதே அமைச்சரைப் பார்க்க இங்கிலாந்தின் வடகிழக்கிலிருந்து ஒரு தூதுக்குழு போனது. அதில் பெரும்பாலோர் சுரங்கத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள். அவர்களுடைய கோரிக்கை நேர்மாறானது: எங்கள் பகுதிக்கு ஒரு நகரம் வேண்டும், கட்டித் தாருங்கள். போருக்குப் பின் எழுந்த புதிய நகரங்களில், அந்தப் பகுதி மக்களே கேட்டு வாங்கிய நகரம் பீட்டர்லீ ஒன்றுதான்.

அந்தக் கோரிக்கையை எழுத்தில் வடித்தது டர்ஹம் கவுண்டியின் கடற்கரையோரம் இருந்த ஈசிங்டன் ஊரக மாவட்டக் கவுன்சில். பெரிய நிர்வாகப் பகுதியான கவுண்டிக்குக் கீழே, ஊர் அளவிலான பாரிஷுக்கு மேலே இருந்த நடு அடுக்கு அது. குப்பை அள்ளுவது, சாக்கடை போடுவது, தண்ணீருக்கு வழி செய்வது, பின்னாளில் வீடு கட்டுவது, இவைதான் அதன் வேலை. இப்படிப்பட்ட ஓர் அமைப்பு முழு நகரத்தைக் கனவு காணும் நிலைக்கு எப்படி வந்தது, கனவு கைகூடியபோது அந்த நகரம் ஏன் அதன் கையில் இல்லை என்பதைச் சொல்ல 19-ஆம் நூற்றாண்டிலிருந்து தொடங்க வேண்டும்.

ஏழை நிவாரணத்தில் பிறந்த எல்லைகள்

1834-இல் வந்த ஏழைகள் சட்டம் பல பாரிஷ்களைச் சேர்த்து ஒவ்வோர் ஒன்றியமாக்கியது. ஒவ்வோர் ஒன்றியத்துக்கும் ஓர் ஏழை விடுதி, அதை நடத்த 'கார்டியன்கள்' எனப்பட்ட காப்பாளர் குழு. வேலையில்லாதவர், முதியவர், அனாதைக் குழந்தைகள் எல்லோரும் அந்த விடுதியின் வாசலில்தான் நிற்க வேண்டியிருந்தது. ஈசிங்டன் ஒன்றியமும் அப்படி உருவானதுதான்.

அப்புறம் காலரா வந்தது, டைபாய்டு வந்தது. குடிநீரும் கழிவுநீரும் கலக்காமல் பார்த்துக்கொள்ள யாராவது பொறுப்பேற்க வேண்டும் என்று அரசு முடிவு செய்தபோது, புதிதாக எல்லை வரைய யாரும் மெனக்கெடவில்லை. 1872, 1875 பொதுச் சுகாதாரச் சட்டங்கள், நகரமல்லாத பகுதிகளில் அதே காப்பாளர் குழுவிடமே சுகாதாரப் பொறுப்பையும் கொடுத்துவிட்டன. ஏழைகளுக்குச் செலவு செய்வதைக் கட்டுப்படுத்தவே பிறந்த ஓர் அமைப்பு, காசு செலவழித்துச் சாக்கடை போடும் என்று எதிர்பார்த்தது பெரிய பிழை என்றே எனக்குத் தோன்றுகிறது.

1894-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் இதை ஓரளவு மாற்றியது. சுகாதார மாவட்டங்கள் நகர்ப்புற மாவட்டங்கள், ஊரக மாவட்டங்கள் எனத் தேர்தல் வழி அமையும் கவுன்சில்களாயின. அவற்றுக்குக் கீழே பாரிஷ் கவுன்சில்களும் வந்தன. அந்த ஆண்டு டிசம்பரில் முதல் தேர்தல். சட்டம் சுலபமாக நிறைவேறவில்லை. பிரபுக்கள் அவை அதைக் கண்டபடி வெட்டித் திருத்தியது. பிரதமர் கிளாட்ஸ்டன் மக்களவையில் ஆற்றிய கடைசி உரை, 1894 மார்ச் 1 அன்று, இந்த மசோதாவுக்கு நேர்ந்த கதியைப் பற்றியதுதான்.

இந்தச் சட்டத்தில் இரண்டு விஷயங்கள் ஈசிங்டன் போன்ற இடத்துக்கு மிக முக்கியம். ஒன்று, சொத்து இருந்தால்தான் தேர்தலில் நிற்கலாம் என்ற நிபந்தனை போனது. அதிகச் சொத்துள்ளவருக்கு அதிக ஓட்டு என்ற முறையும் ஒழிந்தது. திருமணமான பெண்கள் உட்படப் பெண்கள் ஓட்டுப் போடவும் நிற்கவும் முடிந்தது. இரண்டாவது, மாவட்டக் கவுன்சிலின் தலைவர் பதவிவழியில் ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ், அதாவது நீதிமன்ற மேடையில் உட்காரும் மாஜிஸ்திரேட் ஆனார். தலைவர் பெண்ணாக இருந்தால் மட்டும் அந்த உரிமை இல்லை என்று சட்டமே எழுதி வைத்திருந்தது. அதுவரை அந்த மேடையில் நிலச்சுவான்தார்களும் சுரங்க முதலாளிகளும்தான் இருந்தார்கள். கரி படிந்த கையோடு ஒருவர் அங்கே போய் உட்காரச் சட்டப்படி ஒரு வழி திறந்தது.

வயலுக்கு அடியில் கரி

வரைபடத்தில் ஈசிங்டன் ஊரக மாவட்டம்தான். வடக்கே சண்டர்லாந்து, தெற்கே ஹார்ட்டில்பூல், கிழக்கே வட கடல். துறைமுக ஊரான சீஹாம் ஹார்பர் மட்டும் தனி நகர்ப்புற மாவட்டமாகப் பிரிந்திருந்தது. மீதிப் பகுதியில் கோதுமை வயல்களும், கடலை நோக்கி இறங்கும் ஆழமான மரப் பள்ளத்தாக்குகளும், பழைய தேவாலயங்களைச் சுற்றிய சிற்றூர்களும் இருந்தன. ஆனால் அந்த வயல்களுக்கு அடியில் நிலக்கரி இருந்தது.

டர்ஹமின் மேற்குப் பகுதியில் கரி நிலத்தின் மேற்பரப்பை ஒட்டியே கிடைத்தது. கிழக்கே வரவர, அதன் மேல் மக்னீசியச் சுண்ணாம்புப் பாறை தடிமனாகப் படிந்திருந்தது. அதற்கு அடியில் உருப்படியான கரி இல்லை என்றே வெகுகாலம் நம்பினார்கள். 1820-களின் தொடக்கத்தில் பக்கத்து ஊரான ஹெட்டனில் பாறையைத் துளைத்துக் கரியைத் தொட்டதும் அந்த நம்பிக்கை உடைந்தது. 1830-களில் ஹாஸ்வெல், சவுத் ஹெட்டன், தார்ன்லி, விங்கேட் என்று வரிசையாகச் சுரங்கங்கள் எழுந்தன. 1844-இல் ஹாஸ்வெல் சுரங்கத்தில் நடந்த வெடிப்பில் 95 ஆண்களும் சிறுவர்களும் இறந்தார்கள். அதை விசாரிக்க அரசு அனுப்பியவர்கள் விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடேயும் புவியியலாளர் சார்லஸ் லயலும். இந்த ஊர்ப் பெயர்கள் லண்டனுக்கு எட்டியது பெரும்பாலும் இப்படிச் சாவுச் செய்தியாகத்தான்.

கடற்கரையை ஒட்டிய பகுதி இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்தது. அங்கே பாறைக்குள் தண்ணீர் பெருகி நின்றது; குழி தோண்டத் தோண்ட ஊற்று பீறிட்டது. ஈசிங்டன் காலியரியில், அதாவது ஈசிங்டன் சுரங்கத்தில், 1899-இல் தோண்டத் தொடங்கி, 1910-இல்தான் கரி வெளியே வந்தது. தண்ணீர் ஊறும் மண்ணை உறைய வைத்துப் பனிக்கட்டியாக்கி, அதைத் துளைத்துக்கொண்டு இறங்க வேண்டியிருந்தது. ஹார்டன், பிளாக்ஹால் சுரங்கங்களும் அதே காலத்தவை. 1905-இல் கடற்கரை ரயில் பாதை திறந்ததும் எல்லாம் வேகமெடுத்தது. ஹார்டன் 1930-களில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை கொடுத்தது. 1930-இல் ஒரே நாளில் 6,758 டன் கரியை வெளியே அனுப்பியது.

ஆக, 1894-இல் ஊரகம் என்று வகைப்படுத்திய இடத்தில், அடுத்த இருபது ஆண்டுகளில் பெரும் தொழிற்பகுதி முளைத்தது. பண்ணை நிலமாக இருந்த ஹார்டனில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் குடியேறினார்கள். சுரங்கக் கம்பெனி தெருக்களை வரிசை வரிசையாகக் கட்டிக்கொண்டே போனது. பெயர் யோசிக்கக்கூட நேரமில்லை: முதல் தெரு, இரண்டாம் தெரு என்று பதின்மூன்றாம் தெரு வரை. ஈசிங்டன் காலியரியில் ஓர் அடுக்குத் தெருக்கள் முழுக்க 'ஏ'யில் தொடங்கும் பெயர்கள், அடுத்த அடுக்கு 'பி', அடுத்தது 'சி'. வீடு கம்பெனியுடையது. டர்ஹமில் அது கூலியின் ஒரு பகுதி. வாடகை கிடையாது, ஆனால் வேலை போனால் வீடும் போகும். 1832-லும் 1844-லும் வேலைநிறுத்தம் செய்தவர்களைக் குடும்பத்தோடு வீதியில் இறக்கிவிட்ட கதைகள் அந்த ஊர்களில் தலைமுறை தாண்டியும் மறக்கவில்லை.

யார் காசில் சாக்கடை?

இந்த வீடுகளுக்குத் தண்ணீரும் கழிவுநீர் வசதியும் செய்வது யார் பொறுப்பு? ஊரகக் கவுன்சிலின் பொறுப்பு. அதற்குக் காசு? பழைய சட்டத்தின் ஒரு பிரிவு இங்கேதான் ஊர்களின் கழுத்தைப் பிடித்தது.

ஊரக மாவட்டங்களில் செலவை இரண்டாகப் பிரித்தார்கள். அலுவலகம், ஊழியர் சம்பளம் போன்றவை பொதுச் செலவு. அது மாவட்டம் முழுவதற்குமான சொத்து வரியில் சேரும். குடிநீர், சாக்கடை போன்றவை சிறப்புச் செலவு. எந்த பாரிஷுக்காகச் செய்தார்களோ அந்த பாரிஷின் தலையிலேயே விழும். பத்து வீடும் பரந்த வயலும் உள்ள பாரிஷுக்கு இது நியாயமான ஏற்பாடாகத் தெரிந்திருக்கலாம். பண்ணையார் ஏன் பக்கத்து ஊர்ச் சாக்கடைக்குப் பணம் கட்ட வேண்டும்? ஆனால் திடீரென்று ஆயிரக்கணக்கானோர் குடியேறிய சுரங்க ஊரில், எங்கே தேவை அதிகமோ அங்கே வரியும் அதிகம் என்றாகிவிட்டது. அந்த ஊரில் பெரும் வரி கட்டுவது யார்? சுரங்கக் கம்பெனி. வரி ஏறுவதை அது விரும்புமா? தெருக்கோடியில் வண்டி வந்து அள்ளிக்கொண்டு போகும் உலர் கழிப்பறைகள், அங்கே சொல்வதுபோல் 'நெட்டி'கள், அவ்வளவு காலம் நீடித்ததற்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருந்தது. அதிகாரிகளின் அலட்சியம் என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிட முடியாது.

அதிகாரமும் குறைவுதான். நகர்ப்புற மாவட்டத்துக்குச் சட்டம் தானாகவே கொடுத்த பல உரிமைகளை ஊரகக் கவுன்சில் லண்டனுக்கு விண்ணப்பித்துத்தான் பெற வேண்டும். தெரு விளக்கு போடுவதைக்கூடப் பல இடங்களில் பாரிஷ் கவுன்சில்தான் தனியாகத் தீர்மானித்துச் செய்துகொண்டது.

இந்த அடித்தட்டு மன்றங்களில் பழகி எழுந்தவர்தான் பீட்டர் லீ. 1864-இல் ட்ரிம்டன் கிரேஞ்சில் பிறந்து, பத்து வயதில் சுரங்கத்துக்குள் இறங்கியவர். இளமையில் முரடராகத் திரிந்தார். வேலை தேடி அமெரிக்காவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் போய் வந்தார். பிறகு மெதடிஸ்ட் போதகரானார். 1902-இல் வீட்லி ஹில் சுரங்கத்துக்கு எடை பார்ப்பவராக வந்தார். தொழிலாளி வெட்டி அனுப்பும் கரியை முதலாளி குறைத்து எழுதாமல் இருக்க, தொழிலாளர்கள் தங்கள் செலவில் நியமிக்கும் ஆள் அவர். கம்பெனி அவரை வேலையைவிட்டு நீக்க முடியாது என்பதால், பொது வேலையில் துணிந்து இறங்க அந்தப் பதவி இடம் கொடுத்தது. பாரிஷ் கவுன்சிலில் தொடங்கிக் கவுண்டி கவுன்சிலுக்குப் போனார். 1919-இல் இங்கிலாந்திலேயே முதன்முதலாக ஒரு கவுண்டி கவுன்சிலைத் தொழிற்கட்சி கைப்பற்றியது டர்ஹமில். அதன் தலைவரானவர் பீட்டர் லீ. அவர் உயிரைக் கொடுத்து உழைத்தது நல்ல குடிநீருக்காக. மேற்கு மலைகளில் எழுந்த பர்ன்ஹோப் நீர்த்தேக்கம் 1937-இல்தான் திறந்தது. அவர் 1935-இலேயே காலமாகியிருந்தார்.

இதே பகுதியை உள்ளடக்கிய சீஹாம் தொகுதியில் 1922 முதல் 1929 வரை நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர் சிட்னி வெப். மனைவி பியாட்ரிஸுடன் சேர்ந்து இங்கிலாந்து உள்ளாட்சியின் வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதியவர் அவர். தான் ஏட்டில் ஆராய்ந்த அமைப்பின் ஓட்டைகள் எல்லாம் தன் தொகுதித் தெருக்களில் கண்முன் கிடப்பதை அவர் பார்த்திருப்பார். அவருக்குப் பின் ராம்சே மெக்டொனால்ட், 1935 முதல் மேனி ஷின்வெல்.

கையை விட்டுப் போன அதிகாரங்கள், கைக்கு வந்த வீடுகள்

1926-இல் நாடு முழுவதும் சுரங்கக் கதவடைப்பு. மாதக்கணக்கில் கூலி இல்லை. டர்ஹமில் காப்பாளர் குழுக்களில் தொழிலாளர் பிரதிநிதிகளே நிறைந்திருந்தார்கள். பசித்த குடும்பங்களுக்கு அவர்கள் தாராளமாக நிவாரணம் கொடுத்தது அரசுக்குப் பிடிக்கவில்லை. அருகே உள்ள செஸ்டர்-லி-ஸ்ட்ரீட் குழுவை அந்த ஆண்டே கலைத்து, அமைச்சகம் தன் ஆட்களை நியமித்தது. 1929 உள்ளாட்சிச் சட்டம் நாடெங்கும் காப்பாளர் குழுக்களையே ஒழித்து, வேலையைக் கவுண்டிகளிடம் ஒப்படைத்தது. 1930 ஏப்ரல் முதல் ஊரகச் சாலைகளும் கவுண்டிக்குப் போயின. போதாததற்கு, சுரங்கங்கள் உட்படத் தொழில் சொத்துகளுக்கு உள்ளாட்சி வரியில் முக்கால் பங்கு தள்ளுபடி. மாவட்டத்தின் பெரும் வரிதாரர் கட்டவேண்டியது ஒரே சட்டத்தில் கால்வாசியாகச் சுருங்கியது. அந்த இடைவெளியை மத்திய அரசின் மானியம் நிரப்பியது. மானியம் வந்தது, கூடவே லண்டனின் பிடியும் இறுகியது.

இன்னொரு பக்கம், வீடு கட்டும் பொறுப்பு வளர்ந்தது. 1919-இன் வீட்டுவசதிச் சட்டம், தங்கள் பகுதியில் எத்தனை வீடு வேண்டும் என்று கணக்கெடுத்துக் கட்ட உள்ளாட்சிகளைக் கடமைப்படுத்தி மானியமும் கொடுத்தது. 1930-இன் சட்டம் சேரிகளை இடிக்கச் சொன்னது. ஈசிங்டனுக்கு இது வெறும் கட்டட வேலை மட்டும் இல்லை. முதலாளி கொடுக்காத வீடு, முதலாளி பறிக்க முடியாத வீடு கிடைத்தது. வேலைநிறுத்தத்தில் நின்றாலும் தலைக்கு மேல் கூரை இருக்கும் என்ற நிம்மதியை ஓர் ஊரகக் கவுன்சில் கொடுத்தது. அதன் எண்பது ஆண்டுகளில் இதைவிடப் பெரிய சாதனையை என்னால் சொல்ல முடியவில்லை.

இருந்தாலும் பற்றாக்குறை தீரவில்லை. 1936-இல் எடுத்த நெருக்கடிக் கணக்கெடுப்பில், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நூற்றுக்கு நான்குக்கும் குறைவான வீடுகளில்தான் சட்ட அளவை மீறிய நெரிசல். ஆனால் ஈசிங்டனுக்கு வடக்கே எட்டிப் பார்க்கும் தூரத்தில் உள்ள சண்டர்லாந்தில் ஐந்தில் ஒரு வீடு அப்படி. சுரங்க ஊர்களின் நிலையும் மோசம்தான். பிறகு போர் வந்து கட்டுமானமே நின்றுபோனது.

கிளார்க்கின் அறிக்கை

கவுன்சிலின் பொறியாளர் சி. டபிள்யூ. கிளார்க் 1940-களின் நடுவில் ஓர் அறிக்கை எழுதினார். தலைப்பு 'ஃபேர்வெல் ஸ்க்வாலர்', அவலத்துக்கு விடை கொடுப்போம் என்று பொருள். அதன் வாதம் நேரடியானது. மாவட்டத்தில் எண்பதாயிரத்தை ஒட்டிய மக்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒரு நகரம்கூட இல்லை. சுரங்கக் குழி எங்கே விழுந்ததோ அங்கே ஓர் ஊர் என்று சிதறிக் கிடக்கிறார்கள். நல்ல கடைத்தெருவுக்கும் பொழுதுபோக்குக்கும் வெளியூர் போக வேண்டும். சுரங்கத்தைத் தவிர வேறு வேலை கிடையாது. பெண்களுக்கு அதுவும் கிடையாது. போருக்குப் பின் கட்டவேண்டிய வீடுகளை அதே பழைய ஊர்களின் ஓரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டவைத்தால், பழைய தவறு இன்னும் நூறு ஆண்டு நீளும். ஆகவே எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்த்து ஒரு நகரமாகக் கட்டுவோம். அதற்குப் பீட்டர் லீயின் பெயரை வைப்போம்.

ஓர் அரசனோ தளபதியோ அல்லாத, எழுத்தறிவைத் தானாகத் தேடிக்கொண்ட ஒரு சுரங்கத் தொழிலாளியின் பெயரில் இங்கிலாந்தில் ஒரு நகரம். அந்தப் பரிந்துரை அமைச்சகத்தில் உதித்தது இல்லை, ஒரு கவுன்சில் பொறியாளரின் மேசையில் உதித்தது.

நேரத்தையும் கவனிக்க வேண்டும். 1932-இன் சட்டப்படி நில அமைப்புத் திட்டமிடல் மாவட்டக் கவுன்சில்களின் உரிமையாக இருந்தது. 1947-இன் நகர, ஊரகத் திட்டமிடல் சட்டம் அதைக் கவுண்டிகளுக்கு மாற்றியது. மாவட்டத்தின் வருங்காலத்தை மாவட்டமே வரைந்து பார்க்க இருந்த கடைசி ஒன்றிரண்டு ஆண்டுகளில்தான் கிளார்க்கின் அறிக்கை வந்தது. சில ஆண்டு தள்ளிப் போயிருந்தால் அவருக்கு அப்படி ஒரு பேனாவைக் கொடுக்கவே ஆள் இருந்திருக்காது.

சில்கின் தூதுக்குழுவுக்குச் செவிசாய்த்தார். ஆனால் 30,000 பேருக்கான நகரம் என்றார். ஸ்டீவனேஜ் போன்ற பெரிய புதிய நகரங்களுக்குப் பேசப்பட்ட அளவில் பாதி. 1948 மார்ச் 10 அன்று பீட்டர்லீ அதிகாரப்பூர்வமாக அறிவிக்கப்பட்டது. அறிவித்த கணமே அது ஈசிங்டன் கவுன்சிலின் கையைவிட்டுப் போனது. புதிய நகரங்கள் சட்டப்படி, அமைச்சர் நியமிக்கும் வளர்ச்சிக் கழகம்தான் நிலம் வாங்கும், திட்டமிடும், வீடு கட்டும், வாடகை வசூலிக்கும். கேட்டவர்கள் ஓட்டுப்பெட்டி வழியாகப் பதில் சொல்ல வேண்டியவர்கள். கட்டியவர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

கரியா, கூரையா?

கழகத்தின் முதல் தலைவர் மோனிகா ஃபெல்டன். தலைமைத் திட்டமிடும் கட்டடக் கலைஞராக வந்தவர் பெர்த்தோல்ட் லூபெட்கின், ஜார்ஜியாவில் பிறந்து லண்டன் விலங்குக் காட்சிசாலையின் பெங்குவின் குளத்தாலும் ஹைகேட்டின் அடுக்குமாடிகளாலும் புகழ்பெற்றவர். சுரங்கத் தொழிலாளருக்காக ஒரு தலைநகரம் கட்டவே அவர் வந்தார். நடுவில் அடர்த்தியான நகர மையம், உயர்ந்த கட்டடங்கள், பக்கத்தில் காசில் ஈடன் டீன் பள்ளத்தாக்கின் காடு என்று திட்டம் போட்டார்.

நகரத்துக்குத் தேர்ந்த நிலத்துக்கு அடியில் சுமார் 3 கோடி டன் கரி இருந்தது. சுரங்கங்கள் 1947 ஜனவரி முதல் தேசிய நிலக்கரி வாரியத்தின் சொத்து. மேலே உயரமான கட்டடம் வந்தால் கீழே கரியைத் தொட முடியாது. கரியை எடுத்தால் மேலே நிலம் உள்வாங்கும், கட்டடம் விரிசல் விடும். கரியை விட்டுத்தர வாரியம் மறுத்தது. நிலம் அமுங்கினாலும் தாங்கும்படி தாழ்ந்த, இலேசான வீடுகளை இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பரப்பிக் கட்டுங்கள் என்றது. அதாவது கிளார்க் எந்தச் சிதறலிலிருந்து தப்பிக்க நினைத்தாரோ அதையே. இரண்டும் பொது நிறுவனங்கள், இரண்டும் ஒரே தொழிற்கட்சி அரசின் கீழ் உள்ளவை. நாட்டுக்கு எரிபொருள் பஞ்சம். 1947-இன் கடும் குளிரில் தொழிற்சாலைகளே நின்றுபோன நினைவு பசுமையாக இருந்தது. கரியே வென்றது. லூபெட்கின் 1950-இல் பதவி விலகினார். 

வாரியத்தின் பக்கம் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அந்தக் கரியை வெட்டினால்தான் அந்த ஊர்களுக்கே சோறு. ஆனால் வீட்டுக்காக ஏங்கிய குடும்பங்களின் பிரதிநிதிகளான மாவட்டக் கவுன்சிலர்கள் இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்லும் இடத்தில் இல்லை. மேலே இருந்த கழகம், வாரியம், அமைச்சகம் என்ற மூன்று அமைப்புகள் பேசி முடித்தன.

பிறகு ஜார்ஜ் கிரென்ஃபெல்-பெய்ன்ஸின் கையில் நகரம் வளர்ந்தது. தார்ன்ட்ரீ கில்லில் முதல் வீடுகள் எழுந்தன. 1955 முதல் ஓவியர் விக்டர் பாஸ்மோர் தென்மேற்குப் பகுதியின் வடிவமைப்பில் பங்கேற்றார். 1969-இல் அவர் அமைத்த அப்போலோ பெவிலியன் என்ற கான்கிரீட் கட்டுமானத்தை ஊரில் பலர் வெறுத்தார்கள். 2011-இல் அது பாதுகாக்கப்பட்ட சின்னமானது. நகரம் 30,000-ஐ எட்டவே இல்லை. இன்றும் மக்கள்தொகை 20,000-ஐ ஒட்டித்தான்.

1951

அந்த ஒரே ஆண்டில் இந்தப் பகுதிக்கு இரண்டு அடிகள் விழுந்தன. மே 29 அதிகாலை ஈசிங்டன் காலியரியில் கரி வெட்டும் இயந்திரத்தின் பற்கள் பைரைட் கல்லில் உரசியெழுந்த தீப்பொறி வாயுவைப் பற்றவைத்தது. 81 தொழிலாளர்களும், அவர்களைத் தேடி இறங்கிய மீட்புக் குழுவினர் இருவரும் இறந்தார்கள்.

அதே ஆண்டு கவுண்டி தன் வளர்ச்சித் திட்டத்தை வெளியிட்டது. டர்ஹமின் கிராமங்களை ஏ, பி, சி, டி என்று நான்கு வகையாகப் பிரித்தார்கள். 'டி' வகையில் 114 ஊர்கள். சுரங்கம் மூடிவிட்ட, அல்லது மூடப்போகும் அந்த ஊர்களில் இனிப் பொதுப் பணம் பெரிதாகப் போடக்கூடாது; வீடுகள் பழுதாகும்போது மக்களை வேறிடம் மாற்றிவிடலாம். புதிய நகரத்தில் எல்லோரையும் சேர்ப்பது என்ற நல்ல எண்ணம், கவுண்டி அளவில் பெரிதானபோது ஊர்களைச் சாகவிடும் கொள்கையாக உருமாறியது. பீட்டர்லீ மக்கள் விரும்பிக் கேட்டது. 'டி' பட்டியலை யாரும் கேட்கவில்லை. பல ஊர்களில் பெருத்த எதிர்ப்பு எழுந்து, 1977-இல்தான் அந்தக் கொள்கை கைவிடப்பட்டது.

இதற்கு நடுவே ஊரகக் கவுன்சில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது: கிராமங்களில் கவுன்சில் வீடுகள், கழிவுநீர்க் குழாய், குப்பை வண்டி. சுரங்கங்கள் அதன் கண்முன்னேயே மூடத் தொடங்கின. விங்கேட் 1962, வீட்லி ஹில் 1968, தார்ன்லி 1970, ஷாட்டன் 1972.

எல்லைக் கோடு அழிந்த பிறகு

நகர்ப்புறம், ஊரகம் என்ற பிரிவு பழையதாகிவிட்டது என்று 1960-களில் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். 1969-இல் ரெட்கிளிஃப்-மாட் ஆணையம், பெரும்பாலான இடங்களில் ஒரே அடுக்கு ஆட்சி போதும் என்றது. அடுத்த ஆண்டு ஆட்சிக்கு வந்த கன்சர்வேடிவ் கட்சி அதை ஏற்காமல் இரண்டு அடுக்கை வைத்துக்கொண்டது. 1972-இன் சட்டத்தின்படி 1974 ஏப்ரல் 1 அன்று இங்கிலாந்து, வேல்ஸின் ஊரக மாவட்டங்கள் எல்லாம் மறைந்தன. ஈசிங்டன் ஊரக மாவட்டத்தின் பெரும்பகுதி சீஹாமுடன் சேர்ந்து, ஈசிங்டன் மாவட்டம் என்ற புதிய அமைப்பானது. பிளாக்ஹால் 1981, ஹார்டன் 1987, மர்ட்டன் 1991, ஈசிங்டன் காலியரி 1993 என்று மீதிச் சுரங்கங்களும் மூடின. பீட்டர்லீ வளர்ச்சிக் கழகம் 1988-இல் கலைந்தது. 2009 ஏப்ரல் 1 அன்று ஈசிங்டன் மாவட்டமும் போய், முழுக் கவுண்டிக்கும் டர்ஹமில் ஒரே கவுன்சில் என்றானது.

1894-இன் சட்டம் படைத்தவற்றில் தப்பியது அடியிலிருந்த அடுக்குதான். ஹார்டன், மர்ட்டன், ஷாட்டன், தார்ன்லி, வீட்லி ஹில், விங்கேட் எல்லாவற்றிலும் பாரிஷ் கவுன்சில்கள் இன்றும் இயங்குகின்றன. பூங்காவையும் சமூகக் கூடத்தையும் பார்த்துக்கொள்ளும் அளவுக்கு அவற்றுக்கு அதிகாரம் உண்டு. வீடு கட்டும் அதிகாரம் இல்லை. ஹார்டனில் 2020-இல் ரயில் நிலையம் மறுபடி திறந்தது. ஆனால் எண்ணிட்ட தெருக்களில் வீடுகள் ஆளில்லாமல் பாழடைந்து, விலை சரிந்து, எங்கோ இருக்கும் உரிமையாளர்களின் கைக்குப் போனதால், அந்த வரிசைகளை இடித்துப் புதிதாகக் கட்டக் கவுண்டி திட்டமிட்டது. எந்தத் தெரு இருக்கும், எது போகும், குடியிருப்பவர்கள் எங்கே போவார்கள் என்ற முடிவெல்லாம் இப்போது டர்ஹம் நகரத்திலுள்ள கவுண்டி அலுவலகத்தில்தான்.